பட்டம் இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ்

என் அக்காள் மகள் 2025ஆம் ஆண்டு பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தபோது, முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கும் பொறுப்பு தாய்மாமனாகிய என்னிடம் வந்து சேர்ந்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவர் இவர் என்று காட்டி, கல்விக் கட்டணத்தில் அரசின் சலுகையைப் பெற உதவும் சான்றிதழ் அது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். அதையே காரணமாகக் காட்டி, "மாமன் பி.காம். படித்திருக்கும்போது இவளுக்கு எப்படிக் கிடைக்கும்?" என்று தெருவில் பலரும் அடித்துச் சொன்னார்கள். ஆனால் இந்தச் சலுகைக்குக் குடும்பம் என்று கொள்ளப்படுபவர்கள் தந்தை, தாய், உடன்பிறந்தவர்கள், இருவழித் தாத்தா பாட்டிகள் ஆகியோரே; தாய்மாமனும் சித்தப்பாவும் அத்தையும் அந்தக் கணக்கில் வருவதில்லை. சீர் செய்வதற்கு மட்டும் மாமன் குடும்பத்தில் சேர்த்தியா என்று அக்காள் சிரித்தாள்.

2010-11 கல்வியாண்டில் தமிழக அரசு தொடங்கிய இந்தச் சலுகைக்குச் சாதியும் தடையில்லை, வருமான வரம்பும் இல்லை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியாகத் தொழிற்கல்வியில் சேர்பவர்களுக்கே இது உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கியவர்களுக்குக் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பெற முடியும் என்பதால், அண்ணன் இதே சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் அவர் பட்டம் வாங்கும் முன்பே தம்பிக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்வது எளிதாகவே முடிந்தது. புகைப்படம், ஆதார், குடும்ப அட்டை, மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொடுத்து, கேன் எண் என்று அங்கே சொல்லப்படும் குடிமக்கள் கணக்கு எண்ணை உருவாக்கினால் மற்றவை தாமாக நகர்கின்றன. ஆதாரில் இணைத்த கைப்பேசி கையில் இருந்தால் போதும்.

சிக்கல் அதற்கடுத்த கட்டத்தில்தான் இருந்தது. பட்டம் பெற்றவரிடம் அதற்கொரு தாள் இருக்கும். பட்டம் பெறாதவர் எதைக் காட்டுவார்? அக்காள் பத்தாம் வகுப்போடும் அத்தான் எட்டாம் வகுப்போடும் நின்றவர்கள் என்பதால் அவர்களுடைய பழைய மாற்றுச் சான்றிதழ்கள் உதவின. மூத்த மகன் திருமணமாகித் திருப்பூரில் தனிக் குடும்ப அட்டையில் இருக்கிறான். அட்டை வேறானாலும் அவன் உடன்பிறந்தவன்தான் என்பதால் அவனுடைய படிப்பையும் காட்ட வேண்டியிருந்தது. அவன் பாலிடெக்னிக்கில் படித்தது பட்டயப் படிப்பு. அது பட்டம் ஆகாது. அதே பையன் அஞ்சல் வழியில் ஒரு பி.ஏ. எழுதி முடித்திருந்தால் தங்கையின் விண்ணப்பம் அங்கேயே முடிந்திருக்கும். பள்ளிக்கூடமே போகாத பாட்டிமார்களுக்கோ எந்தத் தாளும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை மாணவியும் பெற்றோரும் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியும், கிராம நிர்வாக அலுவலரின் நேரடி விசாரணையுமே சான்றாக நின்றன.

அந்த விசாரணையைச் சடங்கு என்று பலர் அலட்சியமாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாய்வழிப் பாட்டியை ஊரே அறியும் என்பதால் அலுவலர் அதிகம் கேட்கவில்லை. அத்தானின் பெற்றோர் வேறு மாவட்டத்துக்காரர்கள் என்பதால், அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள், எத்தனை பிள்ளைகள், அவர்களில் யார் எதுவரை படித்தார்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்த ஆவணமும் பிடிபடாத இடத்தில் ஆளைப் பார்த்துக் கேட்பதைவிட வேறு நேர்மையான வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பிறகு விண்ணப்பம் வருவாய் ஆய்வாளரைக் கடந்து மண்டலத் துணை வட்டாட்சியரின் ஒப்புதலுக்குப் போனது. மின்னணுக் கையொப்பமிட்ட சான்றிதழை இணையத்திலிருந்தே பதிவிறக்கிக்கொண்டோம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று இருந்துவிடலாகாது. கலந்தாய்வுக்கான இணையப் பக்கத்தில் அதனுடன் கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் பதிவேற்ற வேண்டும். குடும்பத்தில் வேறெவரும் பட்டதாரி இல்லை, வேறெவரும் இந்தச் சலுகையைப் பெறவில்லை என்று மாணவியும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடும் படிவம் அது. வாக்குமூலம் பொய்யென்று பின்னால் தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும் என்பதால், அத்தானை உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினேன்.

சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சலுகைப் பணம் மாணவியின் கைக்கு வருவதில்லை. கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியைக் கல்லூரி வாங்கியது, கழித்ததை அரசு கல்லூரிக்குக் கொடுக்கும். விடுதி, பேருந்து போன்ற செலவுகள் இதில் அடங்காது என்பதைச் சேரும் முன்பே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்பதால், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் தகுதி இருந்தது. அதற்குக் கல்லூரியின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், அவள் பெயரில் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கொன்றை வகுப்புகள் தொடங்கும் முன்பே திறந்து வைத்தோம்.