சிரா, ஷிராஸ், சித்திரை வெயில்

ஒயின்களை ஜோடியாக வைத்து ருசி பார்ப்பது ஒருவழியாக நேற்று ராத்திரி சரியாக அமைந்தது. ஒரே திராட்சை (பிரான்சில் சிரா, ஆஸ்திரேலியாவில் ஷிராஸ்), இரண்டு உலகம்: பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு குரோஸ்-எர்மிடாஜ், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பரோசா ஷிராஸ். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த நண்பர் வாங்கிவந்தார். வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான் என்பதால், ஜோடியை நன்றாக யோசித்துத்தான் சொல்லிவிடுகிறோம்.

இத்தனை நாள் எங்களைப் படுத்தியது சூடு. ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வார்கள். அது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. மதுரை அண்ணாநகர் மாடி வீட்டில் சித்திரை மாதம் ராத்திரி எட்டு மணிக்கும் 30க்குக் கீழே இறங்காது. அந்தச் சூட்டில் முதலில் மூக்கில் ஏறுவது ஆல்கஹால்தான். 14.5 சதவீதம் உள்ள பரோசா அடி வாங்கும், 13 சதவீத பிரெஞ்சு தப்பித்துக்கொள்ளும். உடனே எல்லாரும் பழைய உலகம், அதாவது ஐரோப்பாதான் நேர்த்தி என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அநியாயம்!

ஈரச்சாக்கு, மண்பானைத் தண்ணீர் இரண்டுமே போதவில்லை. ஃபிரிட்ஜில் வைத்து அப்படியே எடுத்தால் வாசனை அடங்கி, துவர்ப்பு மட்டும் நாக்கில் நிற்கிறது. நேற்று எவர்சில்வர் அண்டாவில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பி, பாட்டிலைக் கழுத்துவரை இறக்கினோம். வெறும் ஐஸ் அங்கங்கேதான் தொடும். தண்ணீர் இருந்தால்தான் சுற்றிலும் குளிர் பிடிக்கும். சமையல் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்து, 15 காட்டியதும் வெளியே எடுத்தோம். கிளாஸில் ஊற்றினால் மீதி தானாக ஏறிவிடும். ஒரு தடவைக்கு 50 மில்லி போதும். கூட ஊற்றினால் பேசி முடிப்பதற்குள் சூடாகிவிடும்.

எது எந்த ஊர் என்று தெரியாமலிருக்க, பாட்டில்களில் செய்தித்தாள் சுற்றி நம்பர் போட்டு வைத்திருந்தோம். முதல் கிளாஸில் அப்போதுதான் இடித்த மிளகின் வாசனை, பின்னாலேயே நல்ல புளிப்பு. மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன்தான் சிரா திராட்சையின் தோலிலும் இருக்கிறது. குளிர்ந்த இடத்தில் விளைந்தால் அதிகமாகத் தங்கும். இரண்டாவதில் கனிந்த நாவல்பழம், சாக்லேட், மரப்பீப்பாயின் வெனிலா. "மாப்ள, ரெண்டும் ஒரே பழமா?" என்று நண்பர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆஸ்திரேலிய ஒயினின் முன்னோடி ஜேம்ஸ் பஸ்பி 1832இல் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கொடிகளில் சிராவும் உண்டு என்றேன். இந்த முறை பரோசாவுக்கு ஓட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள்.

மட்டன் சுக்காவை ருசி பார்த்து முடியும்வரை அடுப்படியிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். காரம் பட்டால் ஆல்கஹாலின் எரிச்சல் கூடும்.

கிளாஸ்தான் இன்னும் குறை. வாய் குறுகிய கிளாஸ் டவுன்ஹால் ரோட்டில் கேட்டால் ஜூஸ் டம்ளரைக் காட்டுகிறார்கள். அடுத்த ஜோடி மால்பெக் என்ற திராட்சை: பிரான்சின் கஹோர் மால்பெக், அர்ஜென்டினாவின் மெண்டோசா மால்பெக் என்று சொல்லியாகிவிட்டது. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதில் செய்த ஒயின் கிடைத்தால் அதையும் நடுவில் வைக்க ஆசை.

பாதிப் பாட்டில்கள் இரண்டும் மூடி போட்டு ஃபிரிட்ஜில் இருக்கின்றன. பரோசா இன்று மீந்த சுக்காவோடு முடிந்துவிடும். குரோஸ்-எர்மிடாஜை மட்டும் நாளைவரை வைத்து, அந்த மிளகு நிற்கிறதா என்று பார்க்கவேண்டும்.