பியூட்: ஊன்றுகோலோடு வந்து இறங்கியவரைத் தேடி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கிளேஷியர் பூங்காவுக்கோ யெல்லோஸ்டோனுக்கோதான் போகிறார்கள். நடுவில் இருக்கும் பியூட் அவர்களுக்குப் பெட்ரோல் போடும் ஊர். நான் பியூட்டுக்காகவே போனேன். அங்கே ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கக்காரரின் கல்லறை இருக்கிறது. 1917 ஆகஸ்ட் 1 விடியற்காலையில் அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்துப்போய்த் தூக்கில் தொங்கவிட்டார்கள். கொன்றவர்கள் யாரென்று எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை.

பியூட்டுக்கு நேராகப் போகாமல் முதலில் மிஸுலாவில் ஒரு நாள் தங்கினேன். லிட்டிலின் கதையில் சிரிக்கக்கூடிய பகுதி ஏதாவது இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. ஹிக்கின்ஸ் அவென்யூவும் ஃபிரண்ட் தெருவும் சந்திக்கும் முனை இன்றைக்கு காபிக் கடைகளும் மிதிவண்டிக்காரர்களுமாக இருக்கிறது. 1909ல் லிட்டில் சேர்ந்திருந்த ஐ.டபிள்யூ.டபிள்யூ. (இண்டஸ்ட்ரியல் வொர்க்கர்ஸ் ஆஃப் த வேர்ல்ட்) என்ற சங்கத்துக்காரர்கள் இந்த வட்டாரத்தில்தான் தெருமுனைக் கூட்டம் போட்டார்கள். அவர்கள் குறி வைத்தது வேலை வாங்கித் தரும் தரகர்களை. மரம் வெட்டும் முகாமில் வேலை இருக்கிறது என்று பணம் வாங்கிக்கொண்டு ஆளை அனுப்புவார்கள். நாலு நாளில் மேஸ்திரி அவனைக் கழற்றிவிட்டு அடுத்த ஆளுக்குச் சொல்லி அனுப்புவான். தரகுப் பணத்தில் மேஸ்திரிக்கும் பங்கு.

தெருவில் பேசக்கூடாது என்று நகராட்சி தடை போட்டது. பேசினார்கள். லிட்டிலும் பிடிபட்டார். உடனே சுற்றுவட்டாரத் தோழர்களுக்குச் செய்தி போனது: கிளம்பி வாருங்கள், ஒவ்வொருவராக மேடையேறிக் கைதாகுங்கள். நம் ஊரில் சிறை நிரப்பும் போராட்டம் என்போமே, அதேதான். சிறையில் இடம் போதாமல் தீயணைப்பு நிலையத்தின் அடித்தளத்தில் அடைத்தார்கள். இவர்கள் கூட்டத்தையே இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைக்க ஆரம்பித்தார்கள். கைதானால் சாப்பாடு நகராட்சி செலவு! அதிகாரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் கதவைத் திறந்து போகச் சொன்னார்கள். இவர்கள் போக மறுத்து, எங்களை முறைப்படி விசாரியுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் நகராட்சிதான் இறங்கி வந்தது. அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற எலிசபெத் கர்லி ஃபிளின்னுக்கு அப்போது வயது 19.

லிட்டில் அங்கிருந்து ஸ்போக்கேன் போனார். அங்கே தெருவில் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை வாசித்ததற்காக 30 நாள் தண்டனை. அடுத்து கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ. அங்கும் சிறை, அங்கும் கடைசியில் தடை நீங்கியது. சுரங்கம், எண்ணெய் வயல், கோதுமை அறுவடை என்று எங்கே கூலிக்காரர்கள் திரண்டார்களோ அங்கெல்லாம் போனார். சங்கத்தின் தேசியச் செயற்குழுவிலும் இடம்பெற்றார். ஒரு கண் பார்வை கிடையாது. ஓர் ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. பியூட்டின் மனிதர் என்று இன்றைக்கு அவரைச் சொன்னாலும், அந்த ஊரில் அவர் இருந்தது வெறும் இரண்டு வாரம்.

மிஸுலாவிலிருந்து பியூட் சுமார் 190 கிலோமீட்டர். நெடுஞ்சாலை 90ல் போகும்போது, ஊர் வருவதற்கு முன்பே வலப்பக்கம் தொலைவில் ஒரு ஒற்றைப் புகைபோக்கி தெரிகிறது. அனகோண்டா உருக்காலையுடையது, 585 அடி உயரம். உருக்காலையை இடித்துவிட்டார்கள், புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அனகோண்டா செப்புச் சுரங்கக் கம்பெனியை பியூட்டில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'கம்பெனி' என்றாலே போதும். மொன்டானாவின் பெரும்பாலான நாளிதழ்கள் 1959 வரை அதன் கையில் இருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பியூட் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். வீட்டுக் கூரைகளுக்கு மேலே கறுப்பு இரும்புக் கோபுரங்கள் நிற்கின்றன. சுரங்கத்துக்குள் ஆளையும் சரக்கையும் இறக்கி ஏற்றியவை. இரவில் அவற்றுக்குச் சிவப்பு விளக்கு போடுகிறார்கள். பூமியின் மிகப் பணக்காரக் குன்று என்று பெயர் வாங்கிய இடம் இது. மின்சாரமும் தொலைபேசியும் பரவிய காலத்தில் உலகத்துக்கு வேண்டிய செம்பு இங்கிருந்து போனது. அயர்லாந்து, கார்ன்வால், ஃபின்லாந்து, செர்பியா, இத்தாலி என்று எல்லா ஊர்க்காரர்களும் வந்து குவிந்தார்கள். சுரங்கத்தில் புகை பிடிக்காதே என்ற எச்சரிக்கையைப் 16 மொழிகளில் அடித்து மாட்டியிருந்தார்கள்.

ஒரு காலத்தில் இது அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் கோட்டை. 1878லேயே சுரங்கத் தொழிலாளர் சங்கம் தொடங்கிவிட்டது. பிறகு உட்பூசல் வந்தது, 1914ல் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதோடு கம்பெனி சங்கத்தை அங்கீகரிப்பதை நிறுத்திக்கொண்டது. வேலை தேடுகிறவன் முதலில் கம்பெனி அலுவலகத்தில் பூர்வீகம் எல்லாம் சொல்லி ஒரு அட்டை வாங்கவேண்டும், அட்டை இருந்தால்தான் சுரங்க வாசலில் போய் வேலை கேட்கவே முடியும் என்ற முறையை 1912லேயே கொண்டுவந்திருந்தார்கள். சங்கம் பேசுகிறவனுக்கு அட்டை கிடைக்காது. ஆள் வடிகட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

லிட்டில் ஏன் வந்தார் என்று தெரியவேண்டுமானால் மேலே, கிரானைட் மவுண்டன் நினைவிடத்துக்குப் போகவேண்டும். ஊருக்கு வடக்கே மேட்டில், எதிரே அந்தச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். 1917 ஜூன் 8 இரவு, தீ விபத்துத் தடுப்பு வேலைக்காக மூன்று டன் எடையுள்ள மின்கம்பி ஒன்றை உள்ளே இறக்கும்போது அது நழுவி விழுந்தது. எண்ணெய் ஊறிய துணி சுற்றிய கம்பி. அதைப் பார்க்க இறங்கிய மேற்பார்வையாளரின் கார்பைடு விளக்குச் சுடர் பட்டுப் பற்றிக்கொண்டது. 168 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் தீயில் வேகவில்லை, புகையில் மூச்சுமுட்டித்தான் போனார்கள். சுரங்கங்களுக்கு இடையே எழுப்பிய கான்கிரீட் தடுப்புகளில் தப்பிக்கக் கதவு இருக்கவேண்டும் என்பது சட்டம். கதவில்லாத தடுப்புகளில் மோதித்தான் பலர் இறந்தார்கள் என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். உலோகச் சுரங்க விபத்துகளில் அமெரிக்காவில் இன்றுவரை இதுதான் மிகப் பெரியது.

நினைவிடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியவை கடிதங்கள். மேனஸ் டகன் என்ற இளைஞர் கூட இருந்தவர்களை ஒரு சுரங்க முனைக்குள் கூட்டிப்போய், பலகையையும் மண்ணையும் தங்கள் உடுப்பையும் வைத்து அடைத்து, புகை வராமல் காத்தார். அதில் 25 பேர் பிழைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை. இருட்டுக்குள் உட்கார்ந்து மனைவிக்கு அவர் எழுதிய குறிப்புகள் கிடைத்தன. மனைவி அப்போது நிறைமாத கர்ப்பிணி. பலகைகளில் அச்சிட்டிருக்கும் அந்த வரிகளை நின்று படித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு குடும்பம் வந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் படம் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, காற்று அப்படி அடித்தது.

விபத்து நடந்த சில நாட்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலியை நாளுக்கு 6 டாலராக்கு, அட்டை முறையை எடு, பாதுகாப்பைச் சரிசெய், சங்கத்தை ஏற்றுக்கொள். கேட்டது இவ்வளவுதான். ஆனால் ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியிருந்தது. தோட்டாவுக்குச் செம்பு வேண்டும். செம்பு எடுக்க மறுப்பவன் ஜெர்மனிக்காரனின் கைக்கூலி என்று பத்திரிகைகள் எழுதின.

ஜூலை 18 அன்று லிட்டில் வந்து இறங்கினார். அரிசோனாவில் கார் விபத்தில் கணுக்கால் உடைந்து, ஊன்றுகோலோடு வந்தார். அதே அரிசோனாவில், பிஸ்பீ ஊரில், ஒரு வாரம் முன்புதான் வேலைநிறுத்தக்காரர்களும் அவர்களுக்குப் பரிந்தவர்களுமாகக் கிட்டத்தட்ட 1,200 பேரைத் துப்பாக்கி முனையில் மாட்டு ரயில் பெட்டிகளில் ஏற்றி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். அப்படியும் அவர் அடக்கி வாசிக்கவில்லை. இது முதலாளிகளின் போர் என்று மேடையிலேயே சொன்னார். வேலைநிறுத்தத்தை ஒடுக்க வரும் ராணுவத்தினரைச் சீருடை போட்ட கருங்காலிகள் என்றார். அவர் சங்கத் தலைமையிலேயே பலர், போரைப் பற்றி இப்போதைக்கு வாய் திறக்கவேண்டாம், சங்கத்தை அடித்து நொறுக்கிவிடுவார்கள் என்று நினைத்தார்கள். நடந்ததைப் பார்த்தால் அவர்கள் கணக்கு சரிதான். ஆனால் வாயை மூடியிருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். செப்டம்பரில் நாடு முழுக்கச் சங்க அலுவலகங்களில் சோதனை நடந்தபோது, பேசியவர்களையும் பேசாதவர்களையும் சேர்த்தே அள்ளினார்கள்.

வடக்கு வயோமிங் தெருவில் நடந்து பார்த்தேன். செங்கல் கட்டடங்களுக்கு இடையே காலிமனைகள், பல் விழுந்த வாய் மாதிரி. ஃபின்லாந்துக்காரர்களின் மன்றம் இங்கே இருந்தது, அதை ஒட்டிய விடுதியில் லிட்டில் தங்கினார். ஆகஸ்ட் 1, அதிகாலை மூன்று மணி வாக்கில் முகமூடி போட்ட ஆறு பேர் காரில் வந்தார்கள். முதலில் வேறு அறைக் கதவை உடைத்தார்கள். விடுதி நடத்திய அம்மாவை மிரட்டி அறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, லிட்டிலை உள்ளாடையோடு தூக்கிப்போனார்கள். கால் கட்டோடு இருந்தவர், ஊன்றுகோலை எடுக்கக்கூட விடவில்லை. ஊரின் தெற்கு ஓரத்தில் மில்வாக்கி ரயில் பாலத்தில் தொங்கவிட்டார்கள். உடலில் ஒரு சீட்டு குத்தியிருந்தது: மற்றவர்களுக்கும் இதுவே முதலும் கடைசியுமான எச்சரிக்கை. கீழே வேலைநிறுத்தத் தலைவர்களின் பெயர் முதலெழுத்துகள், லிட்டிலின் எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம். அப்புறம் 3-7-77 என்ற எண்.

அந்த எண் 19ஆம் நூற்றாண்டு மொன்டானாவில் சட்டத்தைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்ட கும்பல்களின் அடையாளம். குழியின் அளவு என்று பலர் விளக்கம் சொல்வார்கள்: மூன்று அடி அகலம், ஏழு அடி நீளம், 77 அங்குல ஆழம். இதே எண்ணை இன்றைக்கு மொன்டானா நெடுஞ்சாலைக் காவல்துறையினரின் தோள்பட்டைச் சின்னத்தில் பார்க்கலாம். நான் பெட்ரோல் பங்க் ஒன்றில் பார்த்தேன். காபி வாங்க வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் தோளில், மஞ்சள் நூலில், தெளிவாக. பழைய வீரத்தை நினைவுகூர்வதாக நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். ஒரு கொலையாளி பிணத்தின் மேல் குத்திய எண்ணைக் காவலர் உடுப்பில் தைத்துக்கொள்வதை எப்படி யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

மவுண்டன் வியூ கல்லறைத் தோட்டம் ஊரின் தட்டையான தென்பகுதியில், ஹாரிசன் அவென்யூவில், வாகனச் சத்தத்துக்கு நடுவே இருக்கிறது. 1917 ஆகஸ்ட் 5 அன்று ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சவப்பெட்டிக்குப் பின்னால் இவ்வளவு தூரமும் நடந்தே வந்தார்கள். வழிநெடுக வேடிக்கை பார்த்தவர்கள் அதைவிட அதிகம். பியூட் அப்படியொரு இறுதி ஊர்வலத்தைப் பார்த்ததில்லை. கல் சின்னதுதான். பெயர், 1879-1917, கீழே வாசகம்: தன் சக மனிதர்களை ஒன்றுதிரட்டி ஊக்கமூட்டியதற்காக முதலாளித்துவ நலன்களால் கொல்லப்பட்டவர். கொன்றவர் பெயர் போடமுடியாத இடத்தில் இதைப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, கொஞ்சமும் மழுப்பல் இல்லை.

கல்லின் மேல் வந்து போனவர்கள் வைத்த ஒரு சென்ட் காசுகள் கிடந்தன. செம்பு நிறம். ஆனால் 1982லிருந்து அந்தக் காசு பெரும்பாலும் துத்தநாகம், மேலே செம்பு முலாம் மட்டும். அதே 1982ல்தான் பியூட்டில் பெர்க்லி குழிச் சுரங்கத்தை மூடினார்கள். 1955ல் திறந்தவெளியாகத் தோண்ட ஆரம்பித்து, மெடர்வில், மெக்குவீன் போன்ற தொழிலாளர் குடியிருப்புகளை முழுங்கி, 1,780 அடி ஆழத்துக்குப் போன குழி. இன்றைக்கு அதில் அமிலத் தண்ணீர் நிற்கிறது. பார்வை மேடையில் கட்டணம் கட்டி எட்டிப் பார்த்தேன். 1995ல் இதில் வந்து இறங்கிய பனி வாத்துகளில் 342 செத்தன. இப்போது பறவைகள் இறங்காமல் விரட்டுவதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. கம்பெனி 1977லேயே கைமாறிவிட்டது.

திரும்பும் வழியில் டியர் லாட்ஜ் என்ற ஊரில் பழைய மாநிலச் சிறையைப் பார்த்தேன். கோட்டைச் சுவர் மாதிரிக் கட்டிய சிறை, இப்போது அருங்காட்சியகம். லிட்டிலின் கதை உண்மையில் எங்கே போய் முடிந்தது என்பது இங்கேதான் புரிகிறது. அவர் உயிரோடு இருந்தபோது, பேச்சுக்காக வழக்குப் போடச் சொல்லி மத்திய அரசு வழக்கறிஞர் பர்ட்டன் வீலரை நெருக்கினார்கள். அந்தப் பேச்சைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அவர் மறுத்தார். கொலைக்குப் பிறகு வாதம் தலைகீழாக வந்தது: லிட்டிலை உள்ளே தள்ளச் சட்டம் இருந்திருந்தால் கும்பலுக்கு வேலையே இருந்திருக்காதாம். 1918 பிப்ரவரியில் சட்டசபையைக் கூட்டித் தேசத்துரோகப் பேச்சுக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றினார்கள். சில மாதங்களில் மத்திய அரசும் ஏறக்குறைய அதே வாசகத்தில் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் போட்டது. ராணுவம் பியூட்டில் 1921 வரை இருந்தது. வேலைநிறுத்தம் 1917 இறுதியிலேயே நீர்த்துப்போயிருந்தது.

மொன்டானா சட்டத்தின் கீழ் 79 பேருக்குத் தண்டனை. அதில் 41 பேர் இந்தச் சிறைக்கு வந்தார்கள். ஊர் ஊராகப் போய் மதுபானம் விற்ற ஒரு விற்பனையாளர், போர்க்கால உணவுக் கட்டுப்பாடுகள் பெரிய கேலிக்கூத்து என்று சொல்லிவிட்டார். அதற்கு ஏழரை ஆண்டிலிருந்து 20 ஆண்டு வரை தண்டனை, கிட்டத்தட்ட மூன்று வருடம் உள்ளே இருந்தார். 2006ல் ஆளுநர் பிரையன் ஷ்வைட்ஸர், ஏற்கெனவே மன்னிப்புப் பெற்ற ஒருவரைத் தவிர மீதி 78 பேருக்கும் மன்னிப்பு வழங்கினார். அவர்களில் ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை, குடும்பத்தார் வந்து வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் லிட்டில் இல்லை. அவர் பேச்சுக்காக மொன்டானாவில் எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லையே.