தட்டிப் பார்த்து வாங்கிய படகு

முதலில் பார்த்த படகை வாங்கியிருந்தால் இதை எழுத எனக்கு நேரம் இருந்திருக்காது. இந்நேரம் அதன் பின்பலகையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

1989 மாடல் அதிவேகப் படகு. முப்பது அடி நீளம், ஊசி மாதிரி மூக்கு, பின்னால் இரண்டு வி8 எஞ்சின். வெள்ளை உடம்பில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடுகள். மெழுகு போட்டு முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்து வைத்திருந்தார்கள். பேரம் பேச வந்திருக்கிறோம் என்பதே மறந்துபோய் நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். மச்சான் மட்டும் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே குனிந்தார். மனைவியின் அண்ணன், லாரி மெக்கானிக். "எனக்குப் படகைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தவர்.

"மாப்ள, இங்க கைய வச்சுப் பாருங்க."

எஞ்சின் புகை வெளியேறும் மேனிஃபோல்டு வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். பழைய கார்புரேட்டர் எஞ்சினின் குணம் ஆறிக் கிடக்கும்போது எழுப்பினால்தான் தெரியும்: எத்தனை தடவை மக்கர் பண்ணுகிறது, முதல் புகை என்ன நிறம், ஆயில் ஏறும்வரை வால்வு பக்கம் என்ன சத்தம். சூடான எஞ்சின் எல்லோரிடமும் நல்லபிள்ளையாகத்தான் இருக்கும்.

அப்புறம் மச்சான் தன் பையிலிருந்து பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியலை எடுத்தார். மண்பானையைத் தட்டி வாங்குகிற மாதிரி, பின்பலகையில் மேலிருந்து கீழே விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டு வந்தார். மேலே டொக், டொக். வலது டிரைவ், அதாவது எஞ்சின் விசையைப் புரொப்பெல்லருக்குக் கடத்துகிற பகுதி, மாட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பொத், பொத். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் காலத்துப் படகுகள் பெரும்பாலானவற்றில் பின்பலகை, அதாவது டிரான்சம், கண்ணாடியிழைக்கு நடுவே பிளைவுட் வைத்துச் செய்தது. டிரைவுக்காக அதில் பெரிய ஓட்டை வெட்டியிருப்பார்கள், போல்ட்டுக்குத் தனித்தனி ஓட்டை வேறு. எங்காவது ஒரு இடத்தில் சீலன்ட் விட்டுப்போனால் போதும், தண்ணீர் உள்ளே போய் மரம் வருடக்கணக்கில் ஊறும். வெளியே ஜெல்கோட் பூச்சு பளபளவென்றுதான் இருக்கும். இரண்டு டிரைவும் தொங்குவது அந்தப் பலகையில்தான், முழு உந்துவிசையையும் படகுக்குக் கொடுப்பதும் அதன் வழியாகத்தான்.

டிரைவின் அடித்திருகைக் கொஞ்சம் தளர்த்தியதும் ஆயில் வந்தது, பால் கலந்த நிறத்தில். தண்ணீர் புகுந்திருக்கிறது. "பழைய ஆயில் சார், மாத்தினா சரியாயிடும்" என்றார் விற்க வந்தவர். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்க்கலாமா என்று கேட்டதற்கு நேரமில்லை என்றார். இத்தனைக்கும் பிறகு நான் "விலையைக் குறைச்சுக் கேட்டா என்ன?" என்று மச்சானிடம் கிசுகிசுத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர் பதிலே சொல்லாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இந்த வகைப் படகின் மேல் என்ன மோகம் என்று கேட்பவர்களுக்கு: அடிப்பாகம்தான். ரே ஹன்ட் என்ற வடிவமைப்பாளர் கொண்டுவந்த ஆழமான 'வி' வடிவம் அது. பின்பலகை வரைக்கும் சுமார் 24 டிகிரி சரிவு மாறாமல் வரும். தட்டையான அடி அலைமேல் அறையும், இது அலையைப் பிளந்துகொண்டு இறங்கும். 1960 மயாமி–நாசாவ் பந்தயத்தில் கொந்தளித்த கடலில் இந்த அடியோடு வந்த 'மாப்பி' என்ற படகு ஜெயித்தபிறகுதான் உலகம் இந்த வடிவத்தைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப்பின் டான் அரோனோ என்ற படகு கட்டுபவர் வந்தார். ஃபார்முலா, டான்சி, மேக்னம், சிகரெட் என்று ஒரு கம்பெனியைத் தொடங்குவார், விற்பார், அடுத்ததைத் தொடங்குவார். இன்று பழைய படகு தேடுகிறவன் அந்தப் பெயர்களைத் தாண்டிப் போக முடியாது. அதே வடிவத்துக்கு ஒரு குறையும் உண்டு. நிற்கும்போதும் மெல்லப் போகும்போதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும். குடும்பத்தோடு நங்கூரம் போட்டு உட்கார நினைப்பவர்கள் வேறு படகு பார்ப்பது நல்லது.

சரி, இரண்டாவது படகு. 1992. சிவப்புக் கோடு வெளிறி ரோஸ் நிறமாகியிருந்தது, இருக்கையில் தையல் விட்டிருந்தது. மணிக்கணக்கு மீட்டரில் 900-க்கு மேல். முதல் படகில் 280 என்று பெருமையாகக் காட்டினார்கள். முப்பது வருடத்துக்கு மேலான படகு 280 மணி நேரம் ஓடியது என்றால் வருடத்துக்குப் பத்து மணி நேரம்கூட ஓடவில்லை, சும்மா நின்று துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் மீட்டரையே மாற்றியிருக்கிறார்கள்.

இந்தப் படகுக்காரர் பெரியவர். நாங்கள் கேட்காமலே ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஆயில் மாற்றிய தேதி, தண்ணீர் பம்பின் இம்பெல்லர், டிரைவின் ரப்பர் பெல்லோஸ் மாற்றியது, எல்லாம் கையெழுத்தில். ஒரு பக்கத்தில் இடது எஞ்சினின் ரைசர், அதாவது மேனிஃபோல்டோடு சேரும் புகைக்குழாய், அதன் கேஸ்கெட் கசிந்ததை எழுதி, கீழே 'போல்ட்டை நான் சரியாக இறுக்கவில்லை' என்று போட்டிருந்தார். தன் தப்பைத் தனக்கே எழுதிவைக்கிற ஆள் என்னிடம் எதை மறைக்கப் போகிறார்?

அந்த ரைசர் விஷயம் சின்னதில்லை. கடல்நீரையே நேராக உள்ளே விட்டுக் குளிர்விக்கிற எஞ்சினில் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் ரைசரும் உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும். ஒரு நாள் ஓட்டை விழுந்தால் தண்ணீர் புகைப்பாதை வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். நீரை அழுத்த முடியாது. ஸ்டார்ட்டரை அமுக்கினால் எஞ்சின் திணறி நின்றுவிடும், வேகமாகச் சுற்றும்போது புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் ராடே வளையும். உப்புத் தண்ணீரில் ஓடும் படகில் இவை எப்போது மாற்றியவை என்று தெரியாவிட்டால், விலையைப் பேசும்போதே புதிய செட்டுக்கான செலவைக் கழித்துவிட வேண்டும்.

எட்டு எட்டாகப் பதினாறு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பார்த்தோம். பத்து சதவீதத்துக்கு மேல் எதுவும் விலகவில்லை. ஈரப்பத மீட்டரோடு படகைப் பரிசோதிக்கிற சர்வேயரும் வந்தார். காப்பீட்டுக்காரர்கள் பலர் பழைய அதிவேகப் படகுக்கு சர்வே அறிக்கை இல்லாமல் பாலிசி கொடுப்பதில்லை, அதனால் அந்தச் செலவு எப்படியும் வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள்.

கடலில் ஓட்டிப் பார்த்த அன்று பெரியவர் எடுத்த எடுப்பில் சாவியைத் தொடவே இல்லை. எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் புளோயரைப் போட்டுவிட்டு நான்கு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடியில் தேங்கிய பெட்ரோல் ஆவி வெளியேறட்டும் என்று. பிறகுதான் ஸ்டார்ட். முழு விசையில் இரண்டு எஞ்சினும் கம்பெனி சொல்கிற ஆர்.பி.எம். வரை ஏறின, வெப்பமானி அசையவில்லை. அலைமேல் ஏறி இறங்கியபோது நான் சிறுபிள்ளை மாதிரி கத்தினேன். மச்சான் எரிபொருள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். 400 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் முழு விசையில் மணிக்கு ஏறக்குறைய 150 லிட்டர் குடிக்கும், நம்மிடம் இரண்டு இருக்கின்றன. "லாரியே பரவாயில்ல" என்றார்.

வாங்கினோம். டிரெய்லரின் டயர்களைப் பார்க்க மட்டும் மறந்துவிட்டோம். பட்டன் தேயாமல் புதிது மாதிரிதான் இருந்தன; பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் பார்த்திருந்தால் பன்னிரண்டு வருடப் பழசு என்று தெரிந்திருக்கும். வரும் வழியிலேயே ஒன்று வெடித்தது.

இரண்டாவது மாதம் மூடியைத் திறந்ததும் லேசாக பெட்ரோல் வாசனை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. டேங்க் அலுமினியம், தளத்துக்கு அடியில் ஃபோமுக்குள் புதைந்திருக்கிறது. ஈரம் கோத்த ஃபோம் அலுமினியத்தை அரிக்கும், எடுக்க வேண்டுமென்றால் தளத்தையே வெட்ட வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மச்சானும் நானும் ஆளுக்கொரு டார்ச்சோடு ஒரு மத்தியானம் முழுக்கத் தலைகீழாகக் கிடந்தோம். கடைசியில் பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் ஹோஸ். வளைவில் நகத்தால் அழுத்தினால் வெடிப்பு வாயைத் திறந்தது. படகோடு பிறந்த ஹோஸாக இருக்க வேண்டும், நோட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இடது பக்க ஹோஸை மாற்றியாயிற்று. வலது பக்க ஹோஸ் அடுத்த வாரம். மச்சான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் வெளிறிய சிவப்புக் கோட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற பேச்சை எடுத்தால் திரும்பிப் போய்விடுவாராம்.