கடுகு, பட்டாணி, கொண்டைக்கடலை

எங்கள் படுக்கையறை மூலையிலிருந்து நடைவழியின் கோடி வரை டேப் பிடித்து அளந்தேன். ஏழு மீட்டருக்கு ஒரு சாண் குறைவு. டெக்சாஸில் வீட்டுக் காவலுக்கென்று ஷாட்கன், அதாவது ஒரே வெடியில் பல குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி, வாங்கிய பிறகு நான் செய்த முதல் உருப்படியான வேலை அதுதான். வாங்குவது எளிதாகவே முடிந்தது. துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 படிவத்தை நிரப்பி, கிரீன் கார்டைக் காட்டினேன். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததும் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தோட்டா அலமாரியின் முன்னால்தான் திகைத்து நின்றேன்.

12 கேஜ் (குழாய் விட்டத்தின் அளவு) தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சமையலறைக் கணக்கில்தான் எனக்குப் புரியவைத்துக்கொண்டேன். பறவை வேட்டைக்கான எட்டாம் எண் ரவை கடுகைவிடச் சற்றுப் பெரியது, 2.3 மில்லிமீட்டர், ஒரு தோட்டாவில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பெரிய விலங்கு வேட்டைக்கான நான்காம் எண் பக்‌ஷாட் பட்டாணி, 6 மில்லிமீட்டர், 27 குண்டுகள். அதிலேயே இன்னும் பெரிய, இரட்டைச் சுழியம் (00) எனப்படுவது கொண்டைக்கடலை, 8.4 மில்லிமீட்டர், எட்டு அல்லது ஒன்பது குண்டுகள். கடுகு போதும், சுவரைத் துளைக்காது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கேட்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் சதைக்கு ஈடாக ஜெலாட்டின் கட்டியைச் சுட்டுப் பார்க்கும் சோதனையில், குண்டு இறங்கவேண்டும் என்று எஃப்.பி.ஐ. எதிர்பார்க்கும் குறைந்தபட்ச ஆழம் 12 அங்குலம். கடுகு அதை எட்டுவதில்லை.

நண்பரின் பண்ணையில் உயரமான மண்மேடு ஒன்று உண்டு. கண்ணாடியும் காதுக்கவசமும் அணிந்து, மேட்டின் முன்னால் பழுப்புக் காகிதச் சுருளை விரித்துக் கட்டி, ஏழு மீட்டரில் நின்றேன். ஷாட்கனுக்குக் குறி பார்க்கத் தேவையில்லை என்ற பேச்சு முதல் வெடியிலேயே பொய்த்தது. மலிவான ஒன்பது குண்டுத் தோட்டா உள்ளங்கை அகலத்தில்தான் விரிந்தது. அதிலும் எட்டு குண்டுகள் கூட்டமாக இருக்க, ஒன்று மட்டும் ஒரு சாண் தள்ளி இடப்பக்கம் ஓடியிருந்தது. மறுபடி சுட்டேன், இம்முறை ஒற்றைக் குண்டு மேலே போனது. மூன்றாவதிலும் ஒன்று தனித்துப் போனது.

அடுத்து ஃபெடரல் நிறுவனத்தின் ஃபிளைட்கன்ட்ரோல் தோட்டா, எட்டு குண்டு. குண்டுகளைத் தாங்கிச் செல்லும் பிளாஸ்டிக் கிண்ணம் குழாயைவிட்டு வெளியே வந்த பிறகும் அவற்றைச் சிறிது தூரம் பிடித்துக்கொண்டே போகிறது. காகிதத்தில் டம்ளர் வாயளவுக்கு ஒரே கிழிசல். உதையும் குறைவு. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு முன்பிடியைப் பின்னுக்கு இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி என்னுடையது. ஆனால் அந்தப் பெட்டியில் ஒருமுறை முன்பிடியை முழுதாகப் பின்னுக்கு இழுக்காமல் தள்ளிவிட்டேன்; காலித் தோட்டா வெளியே விழாமல் சிக்கிக்கொண்டது. துப்பாக்கி மீது பிழையில்லை, பதற்றம் என்னுடையது. மீதி நேரம் முழுக்க அந்த இழுப்பையே பழகினேன்.

பிறகு சுவர். அரை அங்குல ஜிப்சம் பலகைகள் இரண்டை நடுவே மூன்றரை அங்குல இடைவெளி விட்டு நிறுத்தினால் இந்த ஊர் அறைச் சுவர் ஆகிவிடும். அப்படி இரண்டு சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினேன். பட்டாணியும் கொண்டைக்கடலையும் நான்கு பலகைகளையும் துளைத்து மண்மேட்டுக்குள் போயின. கடுகுகூட முதல் சுவரைத் தாண்டி இரண்டாவதில் பதிந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தப் பலகையைக் காட்டினேன். மனிதர் பேச்சை மாற்றிவிட்டார்.

எட்டு குண்டுத் தோட்டாவையே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. நடைவழியின் கோடியில் இருப்பது மகளின் அறை. எதை வாங்கினாலும் அந்தச் சுவர் தாங்காது. எனவே நிற்கும் இடத்தை மாற்றினேன். எங்கள் கட்டிலின் இடது பக்கம் நின்றால் பார்வைக்கோடு வாசல் வழியாகக் கூடத்தின் செங்கல் கணப்பில் போய் முடிகிறது. துப்பாக்கி பூட்டிய பெட்டியில், அந்த மூலையில் இருக்கிறது. கவனக்குறைவாகப் பூட்டாமல் விட்ட குண்டேற்றிய துப்பாக்கி பதினேழு வயதுக்குட்பட்டவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், அப்படி விட்டது இங்கே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பூட்டியிருப்பேன்.

மகளின் கட்டிலையும் எதிர்ச்சுவருக்கு நகர்த்தினேன். ஏன் என்று கேட்டாள். ஜன்னல் காற்று வரட்டும் என்றேன். அவள் காகிதச் சுருளை விரித்து வைத்துக்கொண்டு துளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். “அப்பா, இந்த ஒன்று மட்டும் ஏன் தனியாகப் போயிருக்கிறது?”