பேர் மைக்ரோஸ்கோப்புக்கு, பாடு கத்திக்கு

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் என்றதும் எல்லோரும் ரஸ்காவில்தான் ஆரம்பிப்பார்கள். 1931-இல் க்னோலோடு சேர்ந்து முதல் கருவியைச் செய்தார், 1986-இல் நோபல் வாங்கினார், சரி. அதற்குள் வைக்கிற மாதிரியைத் தயார் செய்யும் இயந்திரங்களை யார் செய்தார்கள்? வியன்னாவின் ரைஷெர்ட் (பிறகு லைக்காவோடு சேர்ந்துவிட்டது), ஸ்வீடனின் எல்கேபி, வைரக் கத்திக்கு சுவிட்சர்லாந்தின் டயட்டோம். மாதிரியை மிக மெல்லிசாகச் சீவும் அல்ட்ராமைக்ரோடோம் முன்னால் உட்காரும் வரை இந்தப் பெயர்கள் எதுவும் என் காதில் விழுந்ததில்லை.

எலக்ட்ரான் ஊடுருவிப் போக வேண்டும் என்றால், பிளாஸ்டிக் போன்ற ரெசினில் இறுக்கிய திசுவை 70 நானோமீட்டர் போலச் சீவியாக வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் சுமார் 14,000 சீவல். இவ்வளவு சின்ன அடி எடுத்துவைக்க, எல்கேபியின் பழைய இயந்திரமான அல்ட்ரோடோம், பிளாக்கை (திசு இறுகிய ரெசின் கட்டியை) பிடித்திருக்கும் உலோகக் கையைச் சூடாக்கியது. சூட்டில் உலோகம் விரியும், அந்த விரிவுதான் பிளாக்கைக் கத்தியை நோக்கித் தள்ளும், அவ்வளவுதான். இதை யோசித்தவரின் மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பொறாமை.

சீவல்கள் கத்தியை ஒட்டிய குட்டித் தொட்டித் தண்ணீரில் ரிப்பன் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்து மிதக்கும். நிறத்தைப் பார்த்தே கனம் சொல்லிவிடலாம்: சாம்பல் என்றால் 60 நானோமீட்டருக்குக் கீழே, வெள்ளி என்றால் 60 முதல் 90, தங்கம் என்றால் தடித்துவிட்டது. தங்கத்தைவிட வெள்ளிக்கு மதிப்பு இருக்கிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அப்புறம், மிதக்கும் ரிப்பனை 3 மில்லிமீட்டர் உலோக வலைத் தட்டான கிரிட்டில் ஏற்றுவதற்கு முன் நகர்த்த என்ன கருவி தெரியுமா? ஒரு குச்சி நுனியில் ஒட்டிய கண் இமை முடி. சுற்றிலும் அத்தனை விலையுள்ள இயந்திரங்கள் இருக்க, கடைசி வேலையைச் செய்வது அந்த முடிதான்!

உலோக மாதிரி பார்க்கிறவர்களுக்கு வேறு பாடு: தேய்த்து, நடுவில் குழி போட்டு, ஆர்கான் அயனியால் அரித்து ஓட்டை விழ வைத்து, அந்த ஓட்டையின் விளிம்பைப் பார்ப்பார்கள்.

ஒரு தடவை என் படங்களில் எல்லா செல்லுக்கும் குறுக்கே ஒரே நேர்கோடு வந்தது. ஏதோ நார் போலிருக்கிறது, புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு நாள் மிதந்தேன், பிளாக்கைத் திருப்பி வைத்துச் சீவினால் கோடும் செல்லுக்குள் திசை மாறி விழுகிறது. கத்தி முனையில் பொடித்துண்டு பெயர்ந்திருக்கிறது. வைரம் எவ்வளவு கடினமோ அவ்வளவு எளிதில் உடையும், கிட்டே கொண்டுபோகும்போது பிளாக்கை முட்டவிட்டது நான்தான்.

கத்தியைச் செய்தவர்களிடமே தீட்ட அனுப்பிவிட்டு, 1950-இல் லாட்டாவும் ஹார்ட்மனும் காட்டிய வழிக்குத் திரும்பினேன். கண்ணாடிப் பட்டையை உடைத்து, உடைந்த விளிம்பிலேயே சீவுவது. அந்த விளிம்பு சீக்கிரமே மழுங்கிவிடும் என்பதால், கத்தி திரும்பி வரும் வரை தினமும் காலையில் முதல் வேலை கண்ணாடி உடைப்பதாகத்தான் இருந்தது.