பழைய மைக்ரோவேவ்: டெல்டா சமையல் குறிப்புகள்

ஜூன் 14, 2023
சிங்கப்பூர், துபாயிலிருந்து வந்த பழைய மைக்ரோவேவ் பெட்டி என்றால் கவலையில்லை. அங்கும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான் (விநாடிக்கு 50 அதிர்வு), வோல்டேஜும் நம்முடையதை ஒட்டியே இருக்கும். அமெரிக்கப் பெட்டி வேண்டாம். 1967-இல் அமானா நிறுவனம் அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்த மேசை மாடல் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு ஆனது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், 60 ஹெர்ட்ஸைத் தராது. டயலுக்குள் இருக்கும் சின்ன மோட்டார் மெதுவாகச் சுற்றி, 10 நிமிடத்தை 12 ஆக்கிவிடும். உள்ளே இருக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் அளவுக்கு மேல் சூடேறும்.

ஜூன் 17
குறுவைக்கு மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால், கையேட்டில் போட்ட நிமிடம் எதுவும் பொருந்தாது. பல்பு மங்குவது கண்ணுக்குத் தெரியும், இதில் வெளியே ஒன்றும் தெரியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக் கிண்ணத்தில் 1 லிட்டர் தண்ணீர். தெர்மாமீட்டரில் பார்த்துக்கொண்டு, முழு பவரில் சரியாக 2 நிமிடம். எடுத்துக் கலக்கி மறுபடி பார்க்கவும். ஏறிய டிகிரி செல்சியஸை 35-ஆல் பெருக்கினால் வாட். 20 டிகிரி ஏறினால் 700. 15 தான் ஏறியது என்றால் 525. 700 வாட்டுக்குக் கையேட்டில் போட்ட 5 நிமிடம் அப்போது 6 நிமிடம் 40 விநாடி. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்த்து, எண்ணைக் கதவிலேயே ஒட்டிவைக்கலாம்.

டிவி ஸ்டெபிலைசரில் செருகக் கூடாது. சூடாக்குவது 700 வாட் என்றாலும், அடுப்பு 1,100 வாட்டாவது இழுக்கும், அது தாங்காது.

ஜூன் 20
பழைய மாடல் பலவற்றில் சுழலும் தட்டு கிடையாது. அலையின் நீளம் சுமார் 12 செ.மீ., அதனால் 6 செ.மீ.க்கு ஒன்றாகச் சூடான இடங்கள் விழும். அவை எங்கே என்று காட்ட அப்பளத்தை மிஞ்சியது எதுவுமில்லை! தட்டு நிறையச் சின்ன அப்பளங்களைப் பரப்பி, மூலையில் அரை டம்ளர் தண்ணீர் வைத்து ஓடவிட்டால், முதலில் பொரிகிற இடம்தான் சூடான இடம். பார்த்ததும் நிறுத்திவிடவும். மற்றது பொரியட்டும் என்று காத்திருந்தால் முதல் அப்பளம் கருகும்.

ஜூன் 21
தாளிப்பு கேஸ் அடுப்பில்தான். வெறும் எண்ணெய் இதில் லேசில் காயாது.

ஜூன் 25
பொன்னி பச்சரிசி 1 டம்ளர், தண்ணீர் 2 டம்ளர், அரை மணி ஊறல். பாத்திரம் 3 லிட்டராவது வேண்டும். கஞ்சி நுரை பொங்கிச் சுவரின் மைக்கா தகட்டில் படிந்தால், அது கருகிப் பொறி பறக்கும். எவர்சில்வர் கூடவே கூடாது, அலை உள்ளே போகாது. முழு பவரில் 10 நிமிடம், பாதி பவரில் 10. இடையில் இரண்டு முறை பாத்திரத்தைக் கால் சுற்று திருப்பி வைக்கவும். வெளியே எடுத்து மூடியோடு 5 நிமிடம் விட்டால் நடுவில் இருக்கும் நறுக்கரிசியும் வெந்துவிடும்.