கோயமுத்தூர் வெயிலில் ஜென்ஷியன்

ஆல்ப்ஸ் மலைப் புல்வெளியில் வளரும் நீல ஜென்ஷியன் பூச்செடியை 411 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயமுத்தூரில் முளைக்க வைக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். முளைக்க வைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பிழைக்க வைப்பதுதான் பாடு.

இந்த விதைக்குள் ஓர் உறக்கம் உண்டு. ஈரத்தோடு ஒரு பனிக்காலத்தைக் கடந்தால்தான் கலையும். ஈர மணலில் கலந்து, ஜிப் கவரில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆறு முதல் எட்டு வாரம் வைக்க வேண்டும். நாலைந்து டிகிரி போதும், ஃப்ரீசர் கூடாது. புரட்டாசியில் வைத்தால் கார்த்திகையில் விதைக்கலாம். நம்மூர் இரவு 18, 19 டிகிரிக்கு இறங்குவது அதற்குப் பிறகுதான். மாவுப் பாத்திரத்துக்கு இடமில்லை என்று அம்மா முணுமுணுப்பதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

குறுக்கு வழியும் உண்டு, ஜிப்ரலிக் அமிலம் என்ற செடி வளர்ச்சி ஹார்மோன். திராட்சைக்காரர்கள் அடிப்பதுதான். உரக்கடையில் கேட்டதும், "ஏனுங்க, திராட்சை எத்தனை ஏக்கருங்க?" என்றார் கடைக்காரர். பாட்டிலில் வரும் 0.001 சதவீதத் திரவம் இதற்குப் போதாது, தூள்தான் வேண்டும். நண்பரின் நகைப் பட்டறைத் தராசில் 50 மில்லிகிராம் நிறுத்து, சில சொட்டு ஸ்பிரிட்டில் கரைத்து, 100 மில்லி தண்ணீரில் சேர்த்து, ஒரு நாள் ஊறவைத்தேன். சீக்கிரம் முளைத்தன. ஆனால் நாற்றுகள் வெளிறி, நெடுநெடுவென்று சாய்ந்தன. ஃப்ரிட்ஜில் இருந்து வந்தவைதான் கட்டையாக நின்றன. என் ஓட்டு அதற்குத்தான்.

விதை தூசி மாதிரி இருக்கும். வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலே மண் மூடக்கூடாது. பொள்ளாச்சி தேங்காய் நார்க்கழிவை நான் சேர்க்கவில்லை; ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு தண்டை அழுகவிடும். கழுவிய எம்-சாண்ட் இரண்டு பங்கு, கால் இஞ்ச் ஜல்லிச் சிப்ஸ் ஒன்று, இலைமக்கு ஒன்று. போர் தண்ணீர் உப்பு, அதனால் சிறுவாணித் தண்ணீர்தான், அதுவும் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிட வேண்டும்.

வேர் சூடேறாமல் இருக்க, சின்ன மண்தொட்டியைப் பெரிய மண்தொட்டிக்குள் வைத்து இடையில் மணலை நிரப்பி நனைத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் ஆவியாகும்போது உள்தொட்டி குளிரும். தை வரை தாக்குப்பிடித்தது. மாசி வெயிலுக்கு அதுவும் போதாது என்பதால், மிஞ்சியதைக் கோத்தகிரியில் அத்தை வீட்டுக்கு ஏற்றிவிட்டேன். பூக்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை அத்தையின் கோழிகள் கொத்தாமல் விட்டால் சரி.